சகலை சொன்ன இரட்டை ஓவன்

என் மனைவிக்கு ஓர் அக்கா. அந்த அக்காவின் கணவர் எனக்குச் சகலை. ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஒரு சகலை வாய்க்கிறார். எனக்கு வாய்த்தவர் ஓவன் விற்கிறவர். அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவர்மேல் எனக்குப் பொறாமை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொன்னதாக இருக்க வேண்டாம். மனதுக்குள் அவரை நான் மரியாதை வைத்துக் கூப்பிடுவதில்லை. இங்கே ‘அவர்’ என்று போடுவது என் மனைவி படிப்பாள் என்பதற்காக.

கல்யாணமான முதல் வாரம். வாடகை வீட்டில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். “சன்னலுக்குக் கீழ வேணாம், மழைச் சாரல் அடிக்கும்னு அத்தான் சொன்னாரு” என்றாள். நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் முந்திக்கொண்டுவிட்டார். அன்று ஆரம்பித்தது. எந்தப் பல் டாக்டர், எந்த பேங்க், எந்தத் தண்ணீர்த் தொட்டி, எல்லாமே அத்தான் சொன்னாரு. நான் ஒன்று சொன்னால் “பாக்கலாம்” என்று வரும். அதையே அவர் சொன்னால் மறுநாள் நடந்திருக்கும்.

அப்படி என்ன பெரிய ஆள் என்று கேட்டால், ஒன்றுமில்லை. பத்தொன்பது வயதில் அந்தக் கடையின் கோடவுனில் சுமை தூக்கச் சேர்ந்தவர். லிஃப்ட் இல்லாத நாலு மாடிக்கு ஃப்ரிட்ஜை முதுகில் சுமந்து ஏறியிருக்கிறார். முப்பத்தொன்றில் முதுகெலும்பு தட்டு விலகி மூன்று மாதம் படுத்துக் கிடந்தார். எழுந்து வந்தவரை வேறு எதற்கும் வைத்துக்கொள்ள முடியாமல், கழுத்தில் ஒரு டை மாட்டி ஷோரூமில் நிறுத்திவிட்டார்கள். இருபத்தாறு வருஷமாக அங்கேயே நிற்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாம் “இந்த வயசுலயும் என்ன நிமிர்ந்த நடை” என்பார்கள். சட்டைக்குள் இருக்கும் இடுப்புப் பட்டைக்குத்தான் அந்தப் பாராட்டு போக வேண்டும் என்று ஒருமுறை சொன்னேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இத்தனைக்கும் மனுஷனுக்கு ஒரு டீ போடத் தெரியாது. கேக்குக்கு முட்டையா பாலா எது முதலில் என்று கேட்டால் முழிப்பார். ஆனால் ஓவன் வாங்க வருகிறவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். “தண்ணி ட்ரே சார் இருக்காரா?” என்று வாசலிலேயே கேட்பார்கள்.

அந்தத் தண்ணீர் ட்ரே கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சுமை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை ஓவன் கொண்டுபோயிருக்கிறார். அந்த அம்மாவுக்கு எதை வாங்கினாலும் கை சுட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை இவர் மெஷினை இறக்கி வைத்துவிட்டு, “எப்படி எடுப்பீங்கன்னு ஒரு தடவை காட்டுங்கம்மா” என்று கேட்டாராம். எடுத்துக் காட்ட உள்ளே ஒன்றும் வேகவில்லை. அதனால் ட்ரேயில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மா எடுத்தார். தண்ணீர் எந்தப் பக்கம் சிந்தியது என்று பார்த்துவிட்டு, மெஷினில் கோளாறு இல்லை, அது இருக்கும் உயரத்தில்தான் கோளாறு என்று சொன்னாராம். இன்றுவரை யார் வந்தாலும் இதே வேலைதான். ஷோரூமில் வரிசையாக ஓவன் வைத்திருப்பார்கள். தண்ணீர் ட்ரேயை ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்து மேடையில் வைக்கச் சொல்வார். தரையில் ஈரத்தைப் பார்த்துவிட்டு இதை வாங்குங்கள், அதை வாங்காதீர்கள் என்பார். நான் அதற்குச் சர்க்கஸ் என்று பெயர் வைத்திருந்தேன்.

நான் தச்சன். சமையலறை அலமாரிகள் செய்வதுதான் தொழில். எங்கள் கணக்கில் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். என் வேலையில் ஒரு நூல் இடைவெளி காட்டினால் கூலி வேண்டாம் என்று வாயால் சொல்லிப் பழகியவன். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, அதுபோல என் வீட்டு அலமாரிக் கதவு மட்டும் அட்டைத் துண்டு செருகித்தான் மூடிக்கொண்டிருந்தது.

என் மனைவி ஒன்பது வருஷமாக வீட்டிலேயே கேக்கும் பன்னும் பிஸ்கட்டும் சுட்டு இரண்டு டீக்கடைக்கும் ஓர் ஆபீஸ் கேன்டீனுக்கும் கொடுக்கிறாள். அடுப்புக்குக் கீழே இருந்த பழைய ஓவன் ஒரு பக்கம் கருக்கும், மறுபக்கம் வேகாது. ட்ரேயைப் பாதியில் திருப்பித் திருப்பி வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள். போன வருஷம் அப்படித் திருப்பும்போது மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள். “இந்தப் பாடு உனக்கு எதுக்கு? நிறுத்தித் தொலை” என்று கத்தினேன். அவள் மருந்து போட்டுக்கொண்டு அடுத்த ட்ரேயை உள்ளே தள்ளினாள்.

இந்த வருஷம் அந்த ஓவன் மொத்தமாகப் படுத்துவிட்டது. “சமையலறையையே புதுசா பண்ணிடலாம்” என்றாள். எனக்கு உள்ளுக்குள் குதிக்காத குறை. என் தொழில், என் வீடு, என் பெண்டாட்டி. இந்த ஒரு விஷயத்திலாவது அவள் அத்தான் பேச்சை விட்டு என் பேச்சைக் கேட்க வேண்டும். அதற்குமேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. சிரிப்பாகத்தான் இருக்கும், ஐம்பது வயது ஆளுக்கு இப்படி ஓர் ஆசை.

இடம் எவ்வளவு என்று பார்த்தேன். மூன்று விதமாக வைக்கலாம். பழையபடி அடுப்புக்குக் கீழே ஒரு பெரிய ஓவன். இல்லாவிட்டால் இரண்டு ஓவனை மேடை மட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில். இல்லாவிட்டால் தரையிலிருந்து கூரை வரை ஓர் உயர அலமாரி கட்டி, அதில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. மூன்றாவதுதான் அழகு, இடமும் மிச்சம். என் கைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் அந்த மாதிரி அலமாரிகள்தான். இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்து, கைப்பிடிக்குக்கூட நிறம் தீட்டி அவளிடம் காட்டினேன்.

நெடுநேரம் பார்த்தாள். “நல்லா இருக்கு” என்றாள். பிறகு, “அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?”

படத்தைச் சுருட்டினேன். “கேளு, தாராளமா கேளு” என்றேன்.

மறுநாள் அக்காவும் தங்கையுமாக ஷோரூமுக்குப் போனார்கள். திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை, “அத்தான் பக்கத்துப் பக்கத்துல வைக்கச் சொல்றாரு” என்றாள்.

“அஞ்சடிச் சுவரு போயிடும். மாவு டப்பா எல்லாம் எங்க வைப்ப?”

“அதுக்குத்தான் ஓவனுக்குக் கீழ அலமாரி அடிக்கலாம்னாரு.”

“அலமாரி அடிக்கறது யாரு, அவரா?”

“எனக்கு அதுதான் வசதியா இருக்கும்னு சொன்னாரு. அவ்வளவுதான்.”

“உனக்கு எது வசதின்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

அவள் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி துடைத்தாள். கடைசியில், “உங்க இஷ்டம். நீங்கதானே செய்யப்போறீங்க” என்றாள். பெண்டாட்டி ‘உங்க இஷ்டம்’ என்றால் என்ன அர்த்தம் என்பது கல்யாணமான எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குத் தெரியாதவன் மாதிரி டேப்பை எடுத்துக்கொண்டு சுவரை அளக்கப் போய்விட்டேன்.

ஓவன் இரண்டையும் சகலை கடையில் வாங்கவில்லை. வேண்டுமென்றே நகரத்தின் மறுகோடிக்குப் போய் வேறொரு கடையில் வாங்கினேன். அங்கே யாரும் என் கையில் தண்ணீர் ட்ரே கொடுக்கவில்லை. அலமாரிக்கு ஒன்பது நாள் ஆனது. வெளி வேலை இரண்டைத் தள்ளிப் போட்டேன். கீல் ஒவ்வொன்றையும் மூன்று முறை கழற்றி மாட்டினேன். கதவை விரலால் தொட்டால் போதும், சத்தமே இல்லாமல் மூடிக்கொள்ளும். மேல் ஓவன் என் நெஞ்சு உயரத்தில் உட்கார்ந்தது. நான் நின்று கையை நீட்டிப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது.

முடித்த அன்று சகலையும் பார்க்க வந்தார். வேறு கடையில் வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “நல்ல மெஷின் சகலை” என்றார். அதுவே எனக்குக் கடுப்பாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அலமாரியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். “வேலை சுத்தம். ஒரு நூல் பிசகலை” என்றார். பிறகு மேல் ஓவனின் கதவைத் திறந்தார். அது முன்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்து திறக்கும் கதவு. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை இன்னும் ஒரு அடி கீழ இறக்க முடியாதா?”

“முடியாது. கீழ ஒண்ணு இருக்குல்ல” என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். ஒரு நொடிதான். ஆனால் நூலுக்குக் கண் பழகியவனுக்கு நொடி தப்பாது.

அந்தப் பார்வைக்கு அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் தப்பாக எதுவும் நினைக்கவில்லை, அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை அவர்கள். ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியாது. என் வீட்டில், என் கையால் செய்த அலமாரிக்கு முன்னால், மூன்றாம் மனுஷனாக நின்றுகொண்டிருந்தவன் நான். தப்பாக ஏதாவது இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். இதற்கு எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், ட்ரில் பிட் எடுக்க வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் அவள் மடித்த துண்டைத் தரையில் போட்டு அதன்மேல் மண்டியிட்டுக் கீழ் ஓவனிலிருந்து ட்ரேயை இழுத்துக்கொண்டிருந்தாள். மேல் ஓவன் அணைந்திருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே மடித்த கேக் டப்பாக்கள், பழைய செய்தித்தாள், ஒரு கட்டு நூல்கண்டு.

“இது என்ன?”

“ஒரு ஓவனே போதுமா இருக்குங்க.”

“போதாமத்தானே ரெண்டு வாங்கினோம்?”

“ஆர்டர் கொஞ்சம் குறைஞ்சிருக்கு” என்றாள். குறையவில்லை. முந்தின நாள்தான் கேன்டீன்காரர் என்னை வழியில் நிறுத்தி, பன் ஏன் தினமும் தாமதமாக வருகிறது என்று கேட்டிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தான் வேண்டாம் என்று சொன்னாராம், அதனால் அம்மணி தொட மாட்டாளாம். நான் ஒன்பது நாள் உயிரைக் கொடுத்துச் செய்தது பழைய பேப்பர் வைக்கத்தான். பிட்டை மறந்துவிட்டு வண்டியை நேரே ஷோரூமுக்கு விட்டேன்.

சகலை ஒரு கணவன் மனைவிக்குச் சர்க்கஸ் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க சகலை, ரெண்டு நிமிஷம்” என்றார். நான் இரண்டு நிமிஷம் நிற்கிற நிலையில் இல்லை.

“எங்க வீட்டுல என்ன மந்திரம் போட்டு வெச்சிருக்கீங்க? அவ மேல் ஓவனைத் தொடவே மாட்டேங்கறா.”

“அவங்ககிட்டயே கேளுங்களேன்.”

“உங்ககிட்டதான் கேக்கறேன். அவளுக்கு எது நல்லதுன்னு நீங்க யாரு சொல்றதுக்கு? ஓவன் விக்கிறவரு விக்கிறதோட நிறுத்திக்கணும்.”

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டையைச் சரிசெய்துகொண்டார். முகம் கொஞ்சம் வாடியது, அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு குழாயடிக்குப் போய் ட்ரேயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்த இரட்டை ஓவனில், மேலே உள்ளதில் அதை வைத்தார். அது என் வீட்டில் இருப்பதற்குச் சரியாக அதே உயரம்.

“வலது முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சுக்குங்க. என்ன ஆனாலும் பிரிக்கக் கூடாது. இப்ப எடுங்க.”

“எதுக்கு?”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சகலை. சொல்லலை. நீங்க எடுங்க.”

இதென்ன பெரிய வித்தை என்று முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு கையை நீட்டினேன். இடது கை ட்ரேயைப் பிடித்தது. வலது கை திறந்திருந்த கதவின் விளிம்பைத் தாண்டவே இல்லை. எக்கினேன். விரல் நுனியில் ட்ரேயின் ஓரம் சிக்கியது. இழுத்தேன். அது வலப்பக்கம் சாய்ந்தது, மொத்தத் தண்ணீரும் என் கை, நெஞ்சு, வயிறு என்று வழிந்தது. கணவன் மனைவி இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

சகலை ஒரு துணியை நீட்டினார். “இது குழாய்த் தண்ணி” என்றார் மெதுவாக. “வீட்டுல இருநூறு டிகிரி.”

நனைந்த சட்டையோடு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவர்மேல் கோபப்படப் பார்த்தேன். கொஞ்சம்கூட வரவில்லை.

அவள் டப்பாக்களில் கேக் அடுக்கிக்கொண்டிருந்தாள். “சட்டை எப்படி நனைஞ்சுது?” என்றாள்.

“உங்க அத்தான் கடையில.”

அவள் கை நின்றது. “சொல்லிட்டாரா?”

“சொல்லலை. கையைத் தூக்கு பாப்போம்.”

தூக்கினாள். வலது கை நெஞ்சு மட்டம் வந்ததும் நின்றுவிட்டது. அதற்குமேல் தோள்தான் காதுவரை எழும்பியது, கை எழும்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இறக்கினாள்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

இரண்டு வருஷம். போன வருஷம்தான் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். என்ன ஃபேஷனா என்று கேட்டுச் சிரித்தேன். சீப்பு பின்தலைக்கு எட்டவில்லை என்று அவள் சொல்லவில்லை. அதற்கு முன்னால் மாடியில் துணி காயப்போடும் கயிற்றை இறக்கிக் கட்டச் சொன்னாள். டேப் பிடித்து, இரண்டு பக்கமும் அளந்து, சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இறக்கிக் கட்டினேன். இரண்டு முனையும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம்கூட வைத்துப் பார்த்தேன். ஏன் இறக்கச் சொல்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

“அவர்கிட்ட சொன்ன, எங்கிட்ட சொல்லலை” என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் முதலில் வந்தது.

“நான் எங்க சொன்னேன்? தண்ணி கொட்டிச்சு. ஏம்மான்னு கேட்டாரு. அழுதுட்டேன்.” டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். “உங்ககிட்ட சொன்னா நிறுத்தித் தொலைன்னுவீங்க. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்.”

மறுநாள் காலையில் அலமாரியைக் கழற்ற ஆரம்பித்தேன். ஓவன் இரண்டையும் மேடை மட்டத்தில், பக்கத்துப் பக்கத்தில், சகலை சொன்னபடியே வைக்கப்போகிறேன் என்றேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நான் கழற்றுகிற திருகாணிகளை மடியில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. என் மனசு மட்டும் ஆறவில்லை. அழுதிருக்கிறாள், அவர் எதிரில். இருபத்து மூன்று வருஷத்தில் என் எதிரில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அதை நான் பெருமையாகக்கூடப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

திருப்புளியை நிறுத்தாமல், அவள் பக்கம் திரும்பாமல் கேட்டேன். “எனக்குத் தெரியாதது அவருக்கு இன்னும் என்னென்ன தெரியும்?”

அவள் யோசித்தாள். “அவருக்கு இந்தக் கை விஷயம் மட்டும்தாங்க தெரியும்” என்றாள். “மத்தது எதுவும் யாருக்கும் தெரியாது.”

திருப்புளி நின்றுவிட்டது. மத்தது என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இத்தனை வருஷம் அது அவரிடம் இருப்பதாக நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். அவரிடமும் இல்லை.

ஏணியிலிருந்து கீழே இறங்கி, அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“சொல்லு” என்றேன்.

“எதை?” என்றாள்.

எதை என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.